போத்தலுக்குள் முன்னால் என்ன இருந்தது?

இஞ்சி பீர் எப்படிச் செய்வது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் இஞ்சியைப் பற்றியோ சீனியைப் பற்றியோ பேசுவதில்லை. எந்தப் போத்தலில் ஊற்றப் போகிறீர்கள், அது எங்கிருந்து வந்தது, அதற்குள் இதற்கு முன்னால் என்ன இருந்தது என்றுதான் கேட்பேன். சிலருக்கு எரிச்சலாக இருக்கும், செய்முறை கேட்டால் விசாரணை நடத்துகிறாளே என்று முகத்திலேயே தெரியும். ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரும் இந்தக் கேள்விக்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு அது ஏன் என்று தெரியும்.

நான் இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம். ஒரு பக்கம் ஜெராய் மலை, சுற்றிலும் பால்மரமும் செம்பனையும். எங்கள் ஊரில் போத்தலுக்குப் பஞ்சமே கிடையாது. காப்பிக் கடையின் பின்கட்டு, கல்யாண மண்டபத்துக் குப்பைத் தொட்டி, பழைய சாமான் ஏற்றிப் போகும் லாரி, லயத்து வீட்டுக் குசினிக்கு வெளியே இருக்கும் பலகை, எங்கே பார்த்தாலும் போத்தல்தான். மண்ணெண்ணெய் வாங்கி வந்தது, நல்லெண்ணெய் ஊற்றி வைத்தது, கல்யாணத்தில் மிஞ்சியது, தாத்தா காலத்தில் இருந்தே மூலையில் நிற்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வரிசை இருக்கும். உருப்படியான போத்தலைத் தூக்கிப் போடுகிற பழக்கம் நம் ஆட்களுக்கு இல்லை. நல்ல பழக்கம்தான், நானும் அதில் வளர்ந்தவள்தான். அந்த நல்ல பழக்கத்துக்குள்ளேதான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

என் அம்மா தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை செய்தவர். முதுகில் தோம்பு, கையில் குழாய், காலையிலிருந்து மதியம் வரை புல்லுக்கு மருந்து. அந்தக் காலத்தில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி எல்லாத் தோட்டத்திலும் இருந்தது. பெரிய தோம்பில் வரும், வேலைக்காட்டுக்குக் கொஞ்சமாக எடுத்துப்போக வேண்டும் என்றால் கையில் கிடைத்த போத்தலில் ஊற்றிக்கொள்வார்கள். அது சர்பத் போத்தலாகவும் இருக்கலாம், பீர் போத்தலாகவும் இருக்கலாம். பாராகுவாட் பழுப்பு நிறமாக, கோலா மாதிரி தெரியும் என்பதால் உலகம் முழுவதும் எத்தனையோ பேர் தெரியாமல் வாயில் ஊற்றிக்கொண்டு செத்திருக்கிறார்கள். அதற்காகவே பிறகு நீல நிறமும், வாடையும், வாந்தி வரவைக்கும் பொருளும் கலந்தார்கள். ஒரு வாய் உள்ளே போனாலும் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டுவிடும், மாற்று மருந்து கிடையாது. மருந்தடிக்கும் பெண்களின் உடம்பு என்ன ஆகிறது என்று ஐரின் பெர்னாண்டஸும் அவருடைய தெனாகானித்தா அமைப்பும் பேசியபோதுதான் வெளியுலகம் இதைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட்டுக்குத் தடை. தடை வந்ததால் பழைய ஸ்டோரில், பழைய கொட்டகையில் நிற்கும் போத்தல்கள் எல்லாம் ஒரே நாளில் காணாமல் போய்விடவில்லை. வேறு களைக்கொல்லிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன, அவற்றையும் போத்தலில் ஊற்றிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அம்மா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். அடையாளம் தெரியாத போத்தலை மோந்துகூடப் பார்க்காதே, தொடாதே, வந்து என்னிடம் சொல். இன்றைக்குப் போத்தலைச் சுத்தப்படுத்துவது பற்றி எவ்வளவோ தெரிந்துகொண்ட பிறகும் அம்மாவின் அந்த விதிதான் எனக்கு முதல் விதி. கொதிநீர் கிருமியைக் கொல்லும், குளோராக்ஸ் என்கிற வெளுப்புத் திரவம் கிருமியைக் கொல்லும், அமிலமும் கொல்லும். விஷத்தை இவை எதுவும் கொல்லாது, ஏனென்றால் விஷத்துக்கு உயிர் இல்லை. மண்ணெண்ணெய், தின்னர், பூச்சி மருந்து, கார் எண்ணெய் இருந்த போத்தலை எத்தனை முறை அலசினாலும் எனக்கு அது போத்தலே இல்லை, நேராக மறுசுழற்சிக்குப் போக வேண்டிய கண்ணாடி.

அதனால் என்னுடைய போத்தல்கள் மூன்று வழியில்தான் வரும். என் கண் முன்னால் திறந்து குடிக்கப்பட்டது, எனக்கு நன்றாகத் தெரிந்த காப்பிக் கடையில் அன்றைக்கே காலியானது, இல்லாவிட்டால் புதிதாகக் காசு கொடுத்து வாங்கியது. பழைய சாமான் லாரிக்காரர் நல்ல மனிதர், ஒரு சாக்குப் போத்தலைச் சும்மாவே தந்துவிடுவார், ஆனால் அந்தச் சாக்கு எந்தெந்த வீட்டுக் கொல்லையிலிருந்து நிறைந்தது என்று அவருக்கே தெரியாது. அன்போடு மறுத்துவிடுவேன். காப்பிக் கடையில் எடுக்கும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் அடுக்கித் திருப்பி அனுப்புகிற பெரிய போத்தல்கள் ஷா ஆலாமுக்கோ சுங்கை வேய்க்கோ, பீர் ஆலைக்குத் திரும்பிப் போக வேண்டியவை, கடைக்காரருக்கு அதில் முன்பணம் கட்டியிருக்கும். அவற்றைத் தொடக்கூடாது. திரும்பிப் போகாத சின்னப் போத்தல்களைத்தான் நான் கேட்டு வாங்குவேன். அதுவும் சிகரெட் துண்டு போட்டது, பல் குத்தின குச்சி போட்டது எல்லாம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

சரி, இஞ்சி பீர் என்கிறாயே, அது என்ன பீர் என்று கேட்பவர்களுக்காக ஒரு விளக்கம். பெயரில் பீர் இருந்தாலும் இதில் முளைகட்டிய பார்லியான மால்ட்டும் இல்லை, கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவும் இல்லை. நம் நாட்டில் மது வகைகளைத் தயாரிக்க 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமம் வேண்டும், அதனால் அந்தப் பக்கம் நான் போவதில்லை. இஞ்சியை நசுக்கி, சீனியும் தண்ணீரும் சேர்த்துச் சில நாள் புளிக்க வைத்து, அந்தக் கரைசலைக் கொதித்து ஆறிய இஞ்சித் தண்ணீரில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, போத்தலில் அடைத்து, காற்றுக் கட்டியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுவது. பெந்தோங் இஞ்சி கிடைத்தால் காரம் தொண்டையில் நிற்கும். ஈஸ்ட் வேலை செய்கிற எதிலும் கொஞ்சமாவது ஆல்கஹால் வரத்தான் செய்யும், சீக்கிரம் குளிரில் வைத்தால் அது குறைவாக இருக்கும், அவ்வளவுதான். அதனால் தீபாவளிக்கு வரும் மலாய் நண்பர்களுக்கு இதைக் கொடுப்பதில்லை, அவர்களுக்கு ரோஸ் சிராப் தனியாக இருக்கும். பிள்ளைகளுக்கும் அதேதான்.

நிஜமான பீர் காய்ச்சுகிறவன் என் தம்பி. ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறான், அங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. போத்தல் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவன் சொன்னது, மீதி அம்மா சொன்னது.

எந்தப் போத்தல் என்பதற்கு வருகிறேன். தக்காளிச் சோஸ் போத்தல், சர்பத் போத்தல், ஒயின் போத்தல், ஜாம் ஜாடி, இவை எதுவும் வேண்டாம். காற்றழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்த கண்ணாடி இல்லை அவை. அழகான சதுரப் போத்தல்களை அலங்காரக் கடையில் விற்கிறார்கள், அதில் ஊற்றவே கூடாது, மூலையில்தான் விரிசல் விடும். பீர் போத்தல் அழுத்தத்தோடு அடைப்பதற்கென்றே வட்டமாக, தடிப்பாகச் செய்தது. அதிலும் திருகித் திறக்கிற வாய் உள்ளதை விட்டுவிடுங்கள், வீட்டுக் கருவியால் தகர மூடி போட்டால் அந்தத் திருகு வாயில் சரியாக உட்காராது. போத்தல் திறப்பானால் நெம்பித் திறக்கிற வகைதான் நமக்கு. அதற்குப் போடுகிற 26 மில்லிமீட்டர் தகர மூடி 1892இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் காப்புரிமை வாங்கியது, அப்போது சுற்றி 24 பல், இன்றைக்கு 21 பல். மூடி ஒரு முறைக்குத்தான். வளைந்த மூடியைத் தட்டி நிமிர்த்திப் போடுகிற சிக்கனம் வேண்டாம்.

நிறத்தைப் பற்றித் தம்பி நிறையக் கவலைப்படுவான். ஹாப்ஸில் இருந்து வரும் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் சிதைந்து கந்தக வாடை அடிக்கும், பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைத் தடுக்கும், பச்சையும் வெள்ளையும் அவ்வளவாகத் தடுக்காது. ஹாப்ஸ் இல்லாத இஞ்சி பீருக்கு அந்தக் கவலை இல்லை. எனக்கு வெள்ளைக் கண்ணாடிதான் பிடிக்கும், உள்ளே அழுக்கு இருந்தால் மறைக்காது.

பிறகு வாயோரம். விரல் நுனியால் சுற்றித் தடவிப் பாருங்கள், நகத்தாலும் பாருங்கள். கடுகளவு சில்லு போயிருந்தாலும் அந்தப் போத்தல் வேண்டாம். மூடி சரியாக அடைக்காது என்பது ஒன்று, அடுத்த முறை மூடி போடும்போது கண்ணாடித் தூள் உள்ளே விழலாம் என்பது அதைவிடப் பெரியது. உடம்பில் ஆழமான கீறல் இருந்தாலும் ஒதுக்கிவிடுவேன். இந்த இடத்தில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது, ஏனென்றால் உள்ளே கட்டும் அழுத்தம் விளையாட்டில்லை. கணக்கு இதுதான். ஒரு லிட்டருக்கு 4 கிராம் சீனியை ஈஸ்ட் தின்றால், அந்தத் திரவத்தின் அளவுக்கு ஒரு மடங்கு கரியமில வாயு உண்டாகும். பீர் போத்தலில் சாதாரணமாக இரண்டரை மடங்கு வாயு இருக்கும். தம்பி பீரைப் புளித்து முடிந்த பிறகுதான் அடைப்பான், அதில் ஏற்கெனவே கொஞ்சம் வாயு கரைந்திருக்கும், அதனால் லிட்டருக்கு 7 கிராம் சீனியை அளந்து போட்டால் போதும், அதற்கு மேல் தின்ன ஈஸ்டுக்கு எதுவும் இல்லை. இஞ்சி பீர் அப்படி இல்லை, இனிப்போடு அடைக்கிறோம். லிட்டருக்கு 100 கிராம் சீனி இருந்தால் முழுவதையும் தின்ன விட்டால் 25 மடங்கு. எந்தப் போத்தலும் தாங்காது, வெடித்துவிடும். நம் ஊர் வெயிலில் இரண்டு நாள் அசந்தால் போதும்.

அதனால் ஒவ்வொரு முறையும் கண்ணாடிப் போத்தல்களோடு ஒரு பிளாஸ்டிக் சோடாப் போத்தலிலும் அதே இஞ்சி பீரை ஊற்றி வைப்பேன். அதை அமுக்கிப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று கை சொல்லிவிடும். அது கல்லுப்போல் ஆனதும் எல்லாவற்றையும் குளிர்பெட்டிக்கு மாற்ற வேண்டும். அதுவரை கண்ணாடிப் போத்தல்கள் மூடி வைத்த தடிப்பான பெட்டிக்குள், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில். சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது, வேலைக்குப் போகும் முன்பு ஒரு முறை, வந்ததும் ஒரு முறை.

இப்போது கழுவுவது. தம்பி சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்ட வாக்கியம் இது: "அக்கா, கிருமியைக் கொல்லலாம், அழுக்கைக் கொல்ல முடியாது, அழுக்கைக் கழுவித்தான் ஆகணும்." சுத்தம் செய்வது ஒரு வேலை, கிருமி நீக்குவது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிப் பேருக்குப் போத்தல் கெட்டுப்போகிறது. போத்தலின் அடியில் காய்ந்துபோன ஈஸ்ட் படிந்திருந்தால், அதற்குள்ளே ஒளிந்திருக்கும் கிருமியை மருந்து எட்டவே எட்டாது. பாறையில் பாசி பிடிக்கிற மாதிரி கண்ணாடியில் கிருமிகள் ஒரு வழவழப்பான படலம் கட்டிக்கொள்ளும், மேலே ஊற்றுகிற மருந்து மேல் வரிசையை மட்டும் கொன்றுவிட்டு வழிந்து போய்விடும். குளோராக்ஸ் இன்னும் மோசம், அழுக்கோடு சண்டை போட்டே தன் வீரியத்தை இழந்துவிடும்.

அதனால் கழுவ வேண்டிய நாள் அடைக்கிற நாள் இல்லை, குடிக்கிற நாள். கிளாஸில் ஊற்றி முடித்த கையோடு போத்தலில் பாதி அளவு தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் வாயைப் பொத்தி, பலமாகக் குலுக்கி, கொட்டி, மறுபடி அதையே செய்தால் அடியில் இருக்கும் ஈஸ்ட் அப்படியே வந்துவிடும். அரை நிமிஷ வேலை. மறுநாள் காலைக்கு விட்டால் அது ஊற வைத்து, பிரஷ் போட்டு, மல்லுக்கட்டுகிற வேலையாகிவிடும். தீபாவளி அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தாலும் நான் குசினிக்குள் போய் அலசிவிட்டுத்தான் வந்து உட்காருவேன், அத்தைக்கு ஆரம்பத்தில் அது பிடிக்கவில்லை, விருந்தாளியை விட்டுவிட்டு இவள் என்ன போத்தலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்பார். இப்போது அவரே கையை நீட்டி வாங்கி அலசிவிடுகிறார்.

அலசிய போத்தலாக இருந்தாலும் கையில் முதன்முதலாக வரும்போது ஒரு பெரிய கழுவல் உண்டு. இதற்கு நான் நம்புவது சோடியம் பெர்கார்பனேட். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், துணிக் கறை போக்குவதற்காக பேரங்காடியில் விற்கும் ஆக்சிஜன் வெளுப்புத் தூளில் இருப்பது அதுதான், வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீரில் போட்டதும் அது சலவைச் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும், ஒன்று பிசுக்கை எடுக்கும், மற்றது கறையை எடுக்கும். கை பொறுக்காத சூட்டில், 50, 60 டிகிரி இருந்தால் நன்றாக வேலை செய்யும். பெரிய தொட்டியில் வெந்நீர் ஊற்றி, தூளைக் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, போத்தல்களைப் படுக்க வைத்து முக்கி, உள்ளே காற்றுக்குமிழ் நிற்காமல் நிரப்பி, இரவு முழுக்க விட்டுவிடுவேன். காலையில் லேபிள் தானாகக் கழன்று மிதக்கும். பசை மிஞ்சியிருந்தால் ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் தடவித் தேய்த்தால் போய்விடும், பிறகு வெளிப்புறத்தை மட்டும் சவுக்காரம் போட்டுக் கழுவலாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த போத்தலில் நேராக வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி வெடிக்கும். இந்தக் கரைசல் இருக்கும்போது போத்தலை மூடியும் வைக்காதீர்கள், ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும், அழுத்தம் கட்டும்.

அம்மா காலத்தில் இதெல்லாம் ஏது. அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும்தான். விறகுச் சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட், சலவைச் சோடாவுக்கு நெருங்கிய சொந்தம், பிசுக்கை எடுக்கிற காரம் இரண்டுக்கும் ஒன்றுதான். நார் எட்டாத இடத்துக்கு ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் வெந்நீரும் போட்டுக் குலுக்குவார்கள், அதை நான் இன்றைக்கும் செய்கிறேன், போத்தலின் தோள் வளைவில் பிரஷ் வளையாது, அரிசி போகும். மணல் போட்டுக் குலுக்குவதை மட்டும் நான் விட்டுவிட்டேன், கண்ணாடியில் கீறல் விழும், கீறலில் கிருமி தங்கும், அழுத்தத்தில் அந்த இடம் பலவீனமாகும்.

பீர் ஆலைகளில் திரும்பி வரும் போத்தல்களைக் காஸ்டிக் சோடாக் கரைசலில், 80 டிகிரி வரைக்கும்கூடச் சூடாக்கி, பெரிய இயந்திரத்துக்குள் ஓட்டிக் கழுவுவார்கள், பிறகு காலிப் போத்தலைக் கருவி படமெடுத்துப் பார்த்து, சில்லு போனதையும் அழுக்கானதையும் தள்ளிவிடும். அதைக் கேட்டுவிட்டு வீட்டில் காஸ்டிக் சோடா வாங்கி வருகிறவர்கள் உண்டு. தயவு செய்து வேண்டாம். கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தால் பார்வையே போகலாம். நமக்கு வெந்நீரும் பொறுமையும் போதும்.

பாத்திரம் கழுவும் சவுக்காரத்தைப் போத்தலுக்குள் நான் போடுவதில்லை. அதன் வாசனை மெல்லிய படலமாகக் கண்ணாடியில் தங்கும், பீரில் நுரை நிற்காமல் போவதற்கும் அது காரணமாகும் என்று தம்பி சொல்வான். ஊற வைத்த போத்தலை நல்ல தண்ணீரில் பல முறை அலச வேண்டும், விரல் வைத்தால் வழுக்கக்கூடாது, வெறும் கண்ணாடி கீச்சென்று சத்தம் போட வேண்டும். உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தது போல் தெரிந்தால் கொஞ்சம் காடி, அதாவது வினிகர், ஊற்றிக் குலுக்கினால் கரைந்துவிடும். கடைசியாக வாசலுக்குக் கொண்டுபோய் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன், அடியிலிருந்தும் பார்ப்பேன், வாயிலிருந்தும் பார்ப்பேன். மோந்தும் பார்ப்பேன். ஏதாவது ஒரு வாடை இருந்தால் மறுபடி தொட்டிக்கு.

கிருமி நீக்குவது அடைக்கப் போகிற அன்றைக்கு, அடைப்பதற்குச் சற்று முன்னால். இதற்கு வழி பல. என் வழி ஆவி. கூட்டுக் குடும்பமாக இருந்த காலத்து இட்லி அண்டா ஒன்று வீட்டில் இருக்கிறது, அடியில் தண்ணீர் ஊற்றி, தட்டின் மேல் ஈரப் போத்தல்களைக் கவிழ்த்து வைத்து, மூடி, தண்ணீர் கொதித்து ஆவி நன்றாகக் கிளம்பிய பிறகு கால் மணி நேரம். அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் அப்படியே ஆறவிட வேண்டும், சூடான போத்தலைக் குளிர்ந்த சிமென்ட் தரையில் வைத்தால் அடி கழன்றுவிடும். மருந்தும் வேண்டாம், அலசவும் வேண்டாம், அலசுகிற தண்ணீர் சுத்தமா என்ற கவலையும் வேண்டாம். ரொட்டி சுடுகிற ஓவன் வைத்திருப்பவர்கள் போத்தல் வாயை அலுமினியத் தாளால் மூடி, 170 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கலாம், ஏற்றுவதும் இறக்குவதும் மெதுவாக இருக்க வேண்டும்.

தம்பி ஸ்டார் சான் என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறான். பாஸ்பாரிக் அமிலமும் ஒருவகை நுரைக்கும் அமிலமும் கலந்தது, 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, ஒன்றிரண்டு நிமிஷம் பட்டால் போதும், அலசாமலே ஊற்றலாம். போத்தலுக்குள் நுரை நிற்பதைப் பார்த்து எல்லாரும் பயப்படுவார்களாம், அந்த நுரை ஒன்றும் செய்யாது. இதை வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. முதல் நாள் போட்ட சலவைச் சோடா போத்தலில் மிஞ்சியிருந்தால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தின்றுவிடும், அமிலத்தின் வேலை நடக்காது. அதனால்தான் அலசுவதில் அவ்வளவு கறாராக இருக்கிறேன். அயோடின் கலந்த அயடோஃபோரும் இதே போல, பத்து லட்சத்தில் 12.5 பங்கு அயோடின் என்ற அளவில் கலந்தால் அலச வேண்டியதில்லை. இந்த இரண்டையும் நம் ஊர்க் கடையில் எதிர்பார்க்க முடியாது, வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும்.

எல்லாருக்கும் கைக்கெட்டுவது குளோராக்ஸ்தான், அதனால் அதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வாசனை சேர்க்காத சாதா வெளுப்பு, ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 4 மில்லி, இருபது நிமிஷம். பிறகு கொதித்து ஆறிய தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். அலசாமல் விட்டால் குளோரின் பானத்தில் இருக்கும் ஃபீனால் பொருள்களோடு சேர்ந்து கிளினிக் மருந்து வாடை அடிக்கும், அது மிகமிகக் கொஞ்சம் இருந்தாலே நாக்கில் தெரியும். இஞ்சியின் காரமே ஃபீனால் வகைதான் என்பதால் எனக்கு இதில் கூடுதல் பயம். இன்னொரு விஷயத்தைச் சத்தமாகவே சொல்கிறேன்: குளோராக்ஸும் காடியும் ஒரே தொட்டிக்குள் சேரவே கூடாது. எலுமிச்சை, கழிவறை கழுவும் அமிலம், ஸ்டார் சான் எதுவும் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், கதவு சாத்திய குளியலறையில் அது ஆளையே சாய்த்துவிடும். இரண்டும் சேர்ந்தால் இரண்டு மடங்கு சுத்தம் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்.

கிருமி நீக்கிய போத்தலைத் துணியால் துடைக்காதீர்கள். கவிழ்த்து வைத்து வடிய விட்டு, கையோடு ஊற்றி அடைத்துவிட வேண்டும். நம் வீடுகளில் பல்லி இருக்கிறது, எறும்பு இருக்கிறது, இனிப்பு வாடைக்கு வருகிற சின்னக் கொசு இருக்கிறது. அந்தச் சின்னக் கொசுதான் பெரிய எதிரி, அதன் காலில் காடிக் கிருமி ஒட்டிக்கொண்டு வரும். மூடிகளையும் மறக்காமல் கொதிநீரில் போட்டு எடுங்கள், புனலையும் குழாயையும் சேர்த்து.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? பல சமயம் ஒன்றும் ஆகாது, அதுதான் ஆட்களை ஏமாற்றுகிறது. ஒரு போத்தல் புளிக்கும். இன்னொன்றில் கழுத்துக்குள்ளே திரவம் நிற்கும் மட்டத்தில் வெள்ளையாக ஒரு வளையம் கட்டும், அதைப் பார்த்தால் உள்ளே வேறு யாரோ குடியேறிவிட்டார்கள் என்று அர்த்தம். தம்பியின் பீரில் இது இன்னும் ஆபத்து. சாதாரண பீர் ஈஸ்ட் தின்னாமல் விட்ட மாச்சத்தை ஒட்டிக்கொண்ட காட்டு ஈஸ்ட் தின்னத் தொடங்கும், சீனியை எவ்வளவு கணக்காகப் போட்டிருந்தாலும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், மாதம் கழித்துத் திறந்தால் பீர் கூரைக்குப் பாயும். ஒரே அண்டாவில் காய்ச்சியதில் மற்றவை எல்லாம் நன்றாக இருந்து ஒன்றிரண்டு மட்டும் பாய்ந்தால், குற்றம் பீரில் இல்லை, அந்தப் போத்தலில்.

எங்கள் ஊரில் இதை நான் இவ்வளவு கறாராகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பானம் என்றாலே இங்கே ஒரு பழைய காயம் உண்டு. தோட்டத்துக் கள்ளுக்கடை எத்தனை குடும்பத்தின் சம்பளத்தை விழுங்கியது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 1946, 47இல் இதே பீடோங் வட்டாரத்தில் ஹார்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டது, அந்த மக்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று என் பக்கத்து வீட்டுக்காரர்கள். அதற்குப் பிறகு சம்சு என்கிற மலிவுச் சாராயம். 2018 செப்டம்பரில் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பல பேர் செத்தார்கள். அதனால் வீட்டில் எதையாவது புளிக்க வைத்தால் பெரியவர்கள் சந்தேகமாகப் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு நான் விளக்குவது இதுதான்: அந்த மெத்தனால் இஞ்சியும் சீனியும் புளித்து வந்தது இல்லை, காசுக்காக மதுவில் கலக்கப்பட்டது. வீட்டில் புளிக்க வைத்தால் கெட்டுப்போகலாம், புளிக்கலாம், வெடிக்கலாம், அதற்கெல்லாம் வழி இருக்கிறது. போத்தலுக்குள் ஏற்கெனவே இருந்த விஷத்துக்குத்தான் வழி இல்லை. அதனால்தான் சில பெரியவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வியும் நான் மற்றவர்களிடம் கேட்கிற கேள்வியும் ஒன்றாகவே இருக்கிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

என் போத்தல்களின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். கொடுத்தனுப்புகிற வீட்டிலிருந்து திரும்பி வரும்போது அது என்னுடையதுதான் என்று தெரியும். திரும்பி வந்தாலும், அந்த வீட்டில் இடையில் என்ன ஊற்றி வைத்தார்கள் என்று கேட்பேன். எண்ணெய் ஊற்றினோம் அக்கா என்று சொன்னால் பரவாயில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிடுவேன். தெரியவில்லை என்றால் அதை உடைசல் கூடையில் போட்டுவிடுவேன், கேட்டவர் மனம் நோகாமல்.

இந்தத் தீபாவளிக்கும் செய்யப் போகிறேன், இஞ்சிக்குச் சொல்லியாகிவிட்டது. உங்கள் வீட்டுக்கு வருகிற போத்தலைக் குடித்த கையோடு இரண்டு முறை தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிடுங்கள், சவுக்காரம் போட வேண்டாம், மூடியும் போட வேண்டாம், வாயைக் கீழே பார்த்துக் கவிழ்த்து வையுங்கள். கொண்டுவந்து தர நேரமில்லை என்றால் சொல்லுங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே கூடையோடு வந்து வாங்கிக்கொள்கிறேன்.